முள் அசையாத கணம்

காரில் பாட்டைப் பெருக்கித் தருகிற ஆம்ப்ளிஃபையர் என்னும் பெட்டி, முன் இருக்கைக்கு அடியிலோ பின்புறத்து டிக்கியிலோ புழுதியும் வெக்கையும் சூழ வருஷக்கணக்கில் கிடந்து உழைக்கிறதே தவிர, ஒரு நாள் ஊமையாகிப்போய் யாராவது ஒருவருடைய வீட்டு மேஜைமேல் மூடி கழற்றி வைக்கப்படும் வரையில், அதன் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் அநேகமாக இல்லை. என் மேஜைக்கு அப்படி வந்து சேர்ந்த பெட்டி ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான்கு ஸ்பீக்கர்களை ஓட்டக்கூடியது; ‘ஏபி’ வகுப்பைச் சேர்ந்தது; உடம்பே ஹீட் சிங்க்காக, விலா எலும்புகள் போன்ற அலுமினிய வரிகளோடு கனத்துக் கிடந்த பழைய பெட்டி. கொண்டுவந்த நண்பர், புதிதாக மூன்று பியூஸ் போட்டுப் பார்த்ததாகவும், மூன்றும் போட்ட மாத்திரத்தில் போய்விட்டதாகவும் சொல்லிவிட்டு, “இதற்கு இனிமேல் உயிர் உண்டா, ஸார்?” என்று கேட்டார்.

மூடியைத் திறந்ததும் மூக்குக்குத்தான் முதலில் சமாசாரம் தெரிந்தது. கரிந்த ரெசிஸ்டரின் வாடையை ஒருமுறை முகர்ந்தவன் மறப்பதில்லை. 0.22 ஓம் மதிப்புள்ள சிறு ரெசிஸ்டர் ஒன்று நிறமிழந்து வெடித்திருந்தது. அதன் அடியில் சர்க்யூட் போர்டு, தோசைக்கல்லில் தீய்ந்த அப்பளம் போலப் பழுப்பேறியிருந்தது. கரிந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே மாதிரி ஒன்றை வைத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிற நேரம் இதுதான். இந்த வேலையின் ரசமெல்லாம், அந்தக் கையை மடக்கி வைத்துக்கொண்டு, ‘யார் முதலில் செத்தது, யார் அதற்கப்புறம்?’ என்று கேட்கிற நிதானத்தில் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். கண்ணுக்குத் தெரிகிற கரி பெரும்பாலும் நடுவில் வந்து மாட்டிக்கொண்ட அப்பாவியாகவே இருக்கும். பியூஸோ எல்லோருக்கும் கடைசியில் மாண்டது. முதல் பலி வெளியில் ஒரு கீறலும் இல்லாமல், பளபளவென்று, உயிரோடு இருப்பது போலவே உட்கார்ந்திருக்கும்.

அந்த வரிசையைப் படிக்க வேண்டுமானால் பெட்டிக்குள் மின்சாரம் போகிற வழி தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். என்ஜின் ஓடுகையில் சுமார் 14. அந்த 14 வோல்ட்டை எத்தனை சாமர்த்தியமாகக் கையாண்டாலும் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றில் திரிபு இல்லாமல் 25 வாட் அளவுக்கு மேல் பிறக்காது. 100 வாட் வேண்டுமென்றால் அலையின் சிகரம் 28 வோல்ட்டைத் தாண்டி எழவேண்டும். ஒரே திசையில் ஓடுகிற பேட்டரி மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் ஏற்றுக்கொள்ளாது; அதை வெட்டி வெட்டிக் கொடுத்தால்தான் ஏற்றும். 1930-களில் வால்வு ரேடியோக்கள் காரில் ஏறத் தொடங்கியபோதே இந்தச் சங்கடம் இருந்தது. வால்வுகளுக்கு வேண்டிய உயர்ந்த வோல்ட்டை உண்டாக்க, வைப்ரேட்டர் என்ற டப்பிக்குள் ஓர் எஃகு நாக்கு விநாடிக்கு நூற்றுக்குச் சற்று அதிகமான தடவை துடித்து மின்சாரத்தை நறுக்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அடியில் அதன் ரீங்காரம் வண்டு முரல்வது போல் கேட்டபடி இருக்கும். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த எஃகு நாக்கு மறைந்தது. அது செய்த காரியம் மறையவில்லை. இன்று டிஎல்494 என்ற 16 கால் ஐ.சி. தாளம் போட, மாஸ்ஃபெட்டுகள் இரண்டு அணியாக நின்று, ஒன்று திறக்கையில் மற்றொன்று மூடி, விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அதே வெட்டுதலைச் செய்கின்றன. வேகம் மனிதச் செவியின் எல்லையைத் தாண்டிவிட்டதனால் ரீங்காரம் இல்லை. அந்த வேகத்தினாலேயே, உளுந்து வடை அளவுள்ள ஃபெரைட் வளையம் ஒன்றில் சுற்றிய செம்புக் கம்பி, நூற்றுக்கணக்கான வாட்டுகளைச் சுமந்துவிடுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காத வஸ்து அந்த வளையம்.

என்னிடம் இருப்பது முள் அசையும் பழைய மல்டிமீட்டர். அதன் முகத்தில் ஒரு விசேஷம் உண்டு: வோல்ட்டுக்கான சுழி இடது ஓரத்தில் இருக்கிறது, ஓமுக்கான சுழி வலது ஓரத்தில். பேட்டரிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஓர் அணி மாஸ்ஃபெட்டுகளில் எப்படித் தொட்டாலும் முள் வலது ஓரத்துக்கே சரிந்தது. உள்ளே சிலிக்கன் உருகி வெறும் கம்பியாகிவிட்டது என்று அர்த்தம். பியூஸ் ஏன் போயிற்று என்பதற்கு விடை கிடைத்தது. ஆனால் மாஸ்ஃபெட்டுகள் ஏன் போயின? அவற்றை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால் புதியவையும் ஒரு நொடிக்குள் அதே கதியை அடையும். ஆகையால் வளையத்தைத் தாண்டி அப்பால் போனேன். டையோடுகள் நலம், முள் ஒரு திசையில் எழுந்தது, மறு திசையில் படுத்தே கிடந்தது. அடுத்தது நான்கு சேனல்களின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள், டிஐபி 35சி, 36சி ஜோடிகள். மூன்று ஜோடிகள் ஒழுங்காகப் பதில் சொல்லின. வலப்பக்க முன் ஸ்பீக்கருக்கான ஜோடியில் இரண்டுமே வலது ஓரம்! நேர் மின்னழுத்தமும் எதிர் மின்னழுத்தமும் அந்த இரண்டு சடலங்களின் வழியாகக் கைகோத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிரவாகத்துக்கு நடுவே அகப்பட்டதுதான் கரிந்த ரெசிஸ்டர். அத்தனையையும் ஊட்ட முயன்று மாஸ்ஃபெட்டுகள் மாண்டன, அப்புறம் பியூஸ். ஓர் ஏட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசித்துக்கொண்டு வந்தது போல் இருந்தது. இன்னும் ஒரு பக்கம் பாக்கி: அந்த ஜோடி ஏன் செத்தது? அதற்கு விடை பெட்டிக்குள் இல்லை.

சாமான்களுக்கு ரிச்சி தெருவுக்குப் போனேன். மாஸ்ஃபெட்டுகளைச் செத்தவை மட்டும் என்றில்லாமல், இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே தொகுதியில் பிறந்தவையாக வாங்குவது நல்லது. பாரத்தைச் சமமாகப் பகிராத கூட்டத்தில் அதிகம் சுமப்பது முதலில் விழும். டிரான்சிஸ்டர்களில் போலிகள் உண்டு. வெளிச்சட்டை அசலைப் போலவே இருக்கும். உள்ளே சிலிக்கன் துண்டு சிறுத்திருக்கும். அரைகுறை விலைக்குக் கிடைத்தால் வாங்காதிருப்பதே விவேகம்.

பழைய ஈயத்தைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்து, துவாரங்களைச் சுத்தம் செய்து, புதியவற்றைப் பொருத்தி ஈயம் வைக்கும் வேலையைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குப் போதாது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகுகிறது. குழம்பாகிற இடைநிலையே அதற்குக் கிடையாது, திரவமாக இருப்பது அப்படியே திடமாகிவிடும். சூடேறிய காலில் அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நில்லாமல், அகலில் எண்ணெய் திரியில் ஏறுவது போலத் தானாகப் படர்ந்து ஏறவேண்டும்; பைன் பிசினின் மணம் ஒரு கீற்றாக எழவேண்டும்; கோலை எடுத்தபின் சிறு கூம்பாகப் பளபளத்து உறைய வேண்டும். மூன்று விநாடிக் காரியம்.

ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே காக்காப்பொன் தகடு ஒன்று இருக்கிறது, மைக்கா என்று இப்போது சொல்கிறோம். வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கிற அபூர்வமான பண்டம். நெல்லூர்ப் பக்கம் கூடூர்ச் சுரங்கங்களில் எடுத்த காக்காப்பொன் பல காலமாகப் பெயர் பெற்றது. தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் தகட்டை மாற்றிவிட வேண்டும். இருபுறமும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசித் திருகியபின் ஒவ்வொன்றையும் உடம்போடு சேர்த்து மீட்டரில் பார்த்தேன்.

அப்பால் பரீட்சை. பேட்டரியை நேரே கொடுக்கவில்லை. பிரேக் விளக்குக்குப் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றை வழியில் கோத்தேன். உள்ளே இன்னும் கேடு இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து மின்சாரத்தைத் தானே விழுங்கிவிடும். புதிய சாமான்கள் பிழைக்கும். பொத்தானைத் தொட்டதும் பல்பு பளிச்சென்று எழுந்தது. மார்பு படபடக்கிற விநாடி அது. கண்டென்சர்கள் நிரம்பின, பல்பு மெல்ல மெல்லத் தணிந்து ஒரு செம்புள்ளியாக அடங்கிற்று.

பலர் இந்த இடத்திலேயே பாட்டைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஸ்பீக்கர் கட்டவேண்டிய இரண்டு முனைகளில் மீட்டரை வைத்து, வோல்ட் இருக்கிறதா என்று பார்ப்பேன். பாட்டு இல்லாதபோது அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. மேலே 30 வோல்ட் இழுக்கிறது, கீழே 30 வோல்ட் இழுக்கிறது. இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள் நடுவில் நின்று, துலாக்கோலின் இரு தட்டுகள் போல ஒன்றையொன்று ஈடுசெய்து, சுழியில் நிறுத்துகின்றன. முள் இடது ஓரத்தில் படுத்தது படுத்தபடி இருந்தது. கச்சேரியில் தம்பூரா சுருதி சேர்ந்து, பாடகர் வாய் திறப்பதற்கு முன் அரங்கில் ஒரு நிசப்தம் உண்டல்லவா, அந்த நிசப்தத்தின் சுகத்தை நான் அந்த முள்ளில் அனுபவிக்கிறேன்.

பிறகு நுண்மை. ஏபி வகுப்பில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏந்துகின்றன. கைமாறுகிற இடத்தில் இடைவெளி விழாமலிருக்க, பாட்டில்லாதபோதும் இருவருக்கும் சிறிது மின்சாரம் ஊட்டி விழிப்பாக வைத்திருக்க வேண்டும். இதற்கு மட்டும் இலக்கம் காட்டும் மீட்டரை இரவல் வாங்கினேன், 0.22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 5 மில்லிவோல்ட் நின்றால் சுமார் 23 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. அதிகமானால் பெட்டி கொதிக்கும். குறைந்தால் உரத்த பாட்டில் தெரியாது, மெல்லிய பாட்டில்தான் தெரியும். வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டி விட்டுவிட்டால் அது தேய்ந்து தேய்ந்து காற்றில் கரைகிறதே, அந்தக் கடைசி இழையில் உப்புத்தாள் உரசுவது போன்ற கரகரப்பு வரும். ஆகையால் சரிபார்ப்பதற்கு நான் வீணைத் தட்டைத்தான் போடுவது. ஒலியை ஆகக் குறைத்து, ஸ்வரம் மறைகிற இடத்தில் காதை வைத்துக் காத்திருப்பேன். அன்றைக்கு அது ஒரு சுருக்கமும் இல்லாமல் மறைந்தது.

பாக்கியிருந்த முதல் பக்கத்துக்காக நண்பரின் காருக்குப் போனோம். “கதவைத் திறந்தால் அந்தப் பக்கத்துப் பாட்டு சில சமயம் நின்று நின்று வரும்” என்று அவர் அப்போதுதான் சொன்னார். ஓட்டுபவர் பக்கத்துக் கதவில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பக்கம் வந்து சேரும் இரண்டு கம்பிகளில் மீட்டரை வைத்தேன். கதவு சாத்தியிருக்கையில் முள் அசையவில்லை. அவர் கதவை அகலத் திறந்தார். முள் வலது ஓரத்துக்குப் பாய்ந்தது. கீலுக்கு அருகில் ரப்பர் குழல் கிழிந்து, மடிந்து மடிந்து தோல் உரிந்த இரண்டு செம்புக் கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பாட்டு உரக்க ஓடுகையில் யாரோ கதவை அகலத் திறந்த ஒரு கணத்தில் அந்த ஜோடி மாண்டிருக்க வேண்டும்; பெட்டியின் காப்புச் சுற்றால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

கம்பியைப் புதிதாக இழுத்து, புதிய குழலுக்குள் புகுத்தி, மடிப்புக்குக் கொஞ்சம் தளர்வு விட்டோம். நண்பர் கதவைத் திறந்தும் மூடியும் இருபது தடவை ஆட்டினார்; நான் உள்ளே குனிந்து முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்துத் திருகினேன்.