தாவாத நிஜின்ஸ்கி

கிரிக்கெட் ரசிகர்கள் பலர் அந்தப் பழைய படத்தைப் பார்த்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டர் ட்ரம்பர் கிரீஸை விட்டு எட்டிக் கால் வைக்கிறார். மட்டை பின்னால் ஓங்கி நிற்கிறது. ஜார்ஜ் பெல்டம் எடுத்த படம், 1905-ல் ஒரு நூலில் வந்தது. பட்டப்பகல் வெளிச்சம் இருந்ததால் பாய்ச்சலை அப்படியே பிடிக்க முடிந்தது.

அந்த வெளிச்சம் வாஸ்லாவ் நிஜின்ஸ்கிக்குக் கிடைக்கவில்லை. 1909-ல் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழுவோடு பாரிஸில் ஆடி, தாவலுக்காகவே உலகப் புகழ் பெற்றவர் அவர். அவர் ஆடியதைக் காட்டும் சலனப்படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. மேடை விளக்குகளின் வெளிச்சம் அன்றைய புகைப்படத் தகடுகளுக்குப் போதாது. அதனால் கலைஞர்கள் வேடத்தோடு ஸ்டூடியோவுக்குப் போய், ஒரு நிலையில் அசையாமல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தாவலின் மன்னன் தரையில் நிற்கும் படங்களை வைத்துத்தான் அவரது ஆட்டத்தை நாம் எடைபோட வேண்டியிருக்கிறது.

முடியுமா? முடியும் என்பதே என் கட்சி. அமெரிக்க நடன விமர்சகர் எட்வின் டென்பி, 1943-ல் இந்தப் படங்களை மட்டுமே வைத்து ஒரு முழுக் கட்டுரை எழுதினார்.

முதலில் 1911-ல் அரங்கேறிய 'ரோஜாவின் ஆவி' நடனம். கடைசியில் ஜன்னல் வழியே அவர் பாய்ந்து மறைவார். மேலே எழும்புவது மட்டும் பார்வையாளருக்குத் தெரியும்; இறங்குவது திரைக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பாய்ச்சலின் புகழில் பாதி இந்த ஏற்பாட்டுக்குச் சேர வேண்டும். பாரிஸின் பெர்ட் ஸ்டூடியோ எடுத்த படங்களில் பாய்ச்சல் இல்லை. இதழ்கள் தைத்த உடையில், கைகள் கொடியாகத் தலையைச் சுற்றி வளைந்திருக்கின்றன. கைகளைப் பார்த்துவிட்டுத் தொடைக்கு வாருங்கள். ஆள் உயரமில்லை, தொடையோ பளுதூக்கும் வீரனுடையது. அந்தக் கனமான கால்களின் உழைப்பு கழுத்திலும் முகத்திலும் துளியும் தெரியவில்லை. கீழே முழு விசை, மேலே முழுத் தளர்வு. உயரம் தாண்டும் எந்த வீரரும் ஆண்டுக்கணக்கில் தேடுவது இதைத்தான்.

அதே ஆண்டு வந்த 'பெட்ருஷ்கா' படங்களில் இது அத்தனையும் தலைகீழ். பாதங்கள் உட்பக்கம் திரும்பியிருக்கின்றன, தோள் தொங்குகிறது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பாலே பயிற்சியில் கால்களை வெளிப்பக்கம் திருப்புவதுதான் பாலபாடம். அதையே கைவிட்டு ஒரு பொம்மையின் துயரத்தைக் காட்டுகிறார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒரே ஆள் என்று நம்புவது கடினம்.

ஆனால் மணிமகுடம், பரோன் அடால்ஃப் டி மேயர் எடுத்த 'ஃபான்' படங்கள். 1912-ல் நிஜின்ஸ்கியே அமைத்த நடனம் இது. ஆட்டக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கையை விறைப்பாக வைத்து, பழங்காலச் சிற்பப் பட்டைபோல் நகர்வார்கள். பெயர் வாங்கித் தந்த தாவலை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிட்டார். உச்சத்தில் இருக்கும் ஒரு வீரன் தன் பலமான ஆயுதத்தைத் தானே கீழே வைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்! நடனமே நிலைகளால் ஆனது என்பதால் ஸ்டூடியோ கேமரா இங்கே எதையும் இழக்கவில்லை. 1914-ல் பாரிஸில் பால் இரீப் இந்தப் படங்களைத் தனி நூலாகக் கொண்டுவந்தார்.

நிஜின்ஸ்கி அந்தரத்தில் இருக்கும் புகழ்பெற்ற படம் 1939-ல், சுவிட்சர்லாந்தில் அவர் சிகிச்சை பெற்றுவந்த மனநல மருத்துவமனையில் ழான் மான்சோன் எடுத்தது. கோட்டு அணிந்த, ஐம்பதை எட்டும் மனிதர் தரையை விட்டு எழும்பியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். அவரது ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அது போதாது. 'ஃபான்' படங்களிலிருந்து தொடங்குங்கள். பாதத்தை முதலில் பாருங்கள், முகத்தைக் கடைசியில்.