ஐலா தீவின் நான்கு புகை விஸ்கிகள்

பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் முழுக்க மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகிய கறுப்பு மண். வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் மரம் குறைவு. அடுப்பெரிக்கவும் பார்லி உலர்த்தவும் பீட்தான் கைகொடுத்தது. முளைகட்டிய பார்லியின் ஈரம் காயுமுன் அதனடியில் பீட்டைப் புகையவிட்டால், புகையிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் உமியில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த தானியத்தில் அவ்வளவாக ஏறாது.

இப்படி ஏறிய ஃபீனாலை, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பிபிஎம் கணக்கில் சொல்கிறார்கள். எண் கூடினால் புகையும் கூடும் என்று நம்பி பாட்டில் வாங்குவோர் பலர். ஆனால் அது பார்லியின் எண், பாட்டிலின் எண் அல்ல. அரைப்பது முதல் வடிப்பது வரை ஃபீனாலில் பெரும்பங்கு கழிந்துவிடும். மிஞ்சியதும் பீப்பாயில் ஆண்டுக்கு ஆண்டு மங்கும். ஒரே தீவின் நான்கு பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் இது நன்றாக விளங்கும்.

வாய் குறுகிய துலிப் வடிவக் கோப்பையில் 20 மில்லி போதும். ஐஸ் கூடாது, குளிர் மணத்தை அமுக்கிவிடும். வாயைச் சற்றே திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெறும் நீரும் ஒரு துண்டு ரொட்டியும் வேண்டும். மூக்கு புகைக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் முதல் மிடறை வைத்து முடிவு சொல்லக் கூடாது. புகை சற்று விலகிய பிறகுதான் பழமும் தேனும் தலைகாட்டும்.

கல் ஈலா 12 ஆண்டு, ஆல்கஹால் 43 சதவீதம். எலுமிச்சைத் தோல், கடற்காற்றின் உப்பு, அணைந்த அடுப்புச் சாம்பல். உடல் இலேசு, எண்ணெய்ப் பதம். புகைக்குப் புதியவர் தொடங்க இதைவிட நல்ல பாட்டில் இந்த நான்கில் இல்லை.

லகவூலின் 16 ஆண்டும் அதே 43 சதவீதம்தான். இரண்டுக்கும் பார்லி போர்ட் எலன் ஊரிலுள்ள ஒரே ஆலையிலிருந்து, சுமார் 35 பிபிஎம் அளவில் வருகிறது. ஆனாலும் கோப்பையில் இரண்டும் அந்நியர்கள். லகவூலினில் உலர்ந்த திராட்சை, அழுத்தமான கறுப்புத் தேநீர், நாக்கில் பாகுபோல் படியும் கனம். புகை முன்னே பாயாமல் அடியிலிருந்து மெதுவாக எழுகிறது. வேறுபாடு வடிக்கும் முறையில் இருக்கிறது. கல் ஈலாவில் செப்பு வடிகலனை நிறைக்காமல் விடுவதால் ஆவி செம்போடு நெடுநேரம் உரசி இலேசாகிறது. லகவூலினில் கிட்டத்தட்ட விளிம்புவரை நிரப்பி மெதுவாக வடிக்கிறார்கள். கனம் அப்படியே வந்துசேர்கிறது. பீப்பாயில் கூடுதலாகக் கழிந்த நான்கு ஆண்டுகளுக்கும் பங்குண்டு. நான்கில் முழுமையானது இதுவே.

லஃப்ராய்க் 10 ஆண்டு, பார்லி 40 பிபிஎம்முக்கு மேல். மூடியைத் திறந்ததுமே டிங்க்சர் அயோடின், காயத்துக்குக் கட்டும் துணி, கடற்பாசி. பழைய கறுப்புப் பினாயிலின் வாடைக்குக் காரணமான கிரெசால் வகைச் சேர்மங்களே இங்கும் வேலை செய்கின்றன. வடிக்கும்போது முதலில் வரும் இனிப்பும் பழமணமும் கொண்ட பகுதியை இந்த வடிசாலை நெடுநேரம் ஒதுக்கிவிடுகிறது. கனமான ஃபீனால்கள் பின்னால்தான் வரும். அதனால் மருந்து மணம் ஓங்கி நிற்கிறது. அது பிடித்தவருக்கு இதற்கு மாற்றே கிடையாது. ஆனால் 40 சதவீதப் பாட்டிலில் அந்த மணத்துக்கு ஈடான உடல் இல்லை. தொண்டையைத் தாண்டியதும் சற்று மெலிகிறது. இதில் நீர் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

ஆர்ட்பெக் 10 ஆண்டு, 46 சதவீதம், பார்லி 50 பிபிஎம்மை ஒட்டி. எண்ணை நம்பினால் நான்கில் முரடானது இதுவாக இருக்க வேண்டும். கரி, தார், மிளகு எல்லாம் இருக்கின்றன. அவற்றின் மேல் எலுமிச்சையும் வெனிலாவும் பளிச்சென்று மிதக்கின்றன. இரண்டாம் வடிப்புக்கான கலனின் கழுத்துக்குழாயில் பொருத்திய சுத்திகரிப்பான் கனமான ஆவியைத் திரவமாக்கிக் கலனுக்கே திருப்பி அனுப்புகிறது. இந்தத் தெளிவு அதனால்தான். குளிர்வித்து வடிகட்டாத விஸ்கி என்பதால் குளிர்ந்த நீரைச் சேர்க்கச் சேர்க்க எண்ணெய்ப் பொருள்கள் பிரிந்து, பொன்னிறம் மெல்ல மங்கலாகும். அந்தக் கணத்தில் முகர்ந்தால் எலுமிச்சை முன்னுக்கு வரும், தார் பின்னுக்குப் போகும்.

சுவைத்து முடித்ததும் கோப்பைகளைக் கழுவாமல் மறுநாள் காலை வரை வைத்துவிட்டு மீண்டும் முகர வேண்டும். ஆல்கஹாலும் பழமணமும் பறந்தபின் கனமான ஃபீனால்கள் மட்டும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். கல் ஈலாவில் ஈரச் சாம்பல், லஃப்ராய்கில் அயோடின், ஆர்ட்பெக்கில் கரி, லகவூலினில் ஆறிப்போன தேநீர்.