பலாப்பழம் பறித்த காவலன்: சீவக சிந்தாமணியை எப்படி ரசிப்பது

சீவக சிந்தாமணி, சமண முனிவர் திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம். இலம்பகம் எனப்படும் 13 பிரிவுகளும் 3145 பாடல்களும் கொண்டது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தின் துறவி, பகைவனைக் கொன்று நாட்டை மீட்கும் வீரனைப் பாடுகிறார். அந்த வீரன் எட்டுப் பெண்களை மணப்பதால் நூலுக்கு 'மணநூல்' என்ற பெயரும் உண்டு. இந்த முரணைக் குறையென்று ஒதுக்கினால் பாதிச் சுவை போய்விடும். சமயமும் வீரமரபும் உரசும் இடங்களில் நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய நூல் இது.

ஏமாங்கதத்து மன்னன் சச்சந்தன், ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு மனைவி விசயையோடு இன்பத்தில் மூழ்குகிறான், அமைச்சனாலேயே மாள்கிறான். கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். வணிகன் கந்துக்கடன் பிள்ளையை எடுத்து வளர்க்கிறான். பழிதீர்க்கும் கடமை தொட்டிலிலேயே சீவகன்மேல் ஏறிவிடுகிறது.

முதல் உரசலை உண்டாக்குபவர் ஆசிரியர் அச்சணந்தி. பிறப்பின் கதையைக் கேட்டுக் கொதித்தெழும் மாணவனிடம், ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்லி வாக்கு வாங்குகிறார். பின்னர் கட்டியங்காரனின் ஆட்கள் பிடிக்க வரும்போது, எதிர்த்து வெல்லும் வலிமை இருந்தும் சீவகன் அந்த வாக்குக்காகக் கட்டுண்கிறான். அவனை மீட்பவன் சுதஞ்சணன் என்னும் தேவன். முன்பு அடிபட்டுச் சாகக் கிடந்த ஒரு நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓதினான். அந்த நாய்தான் தேவனாகப் பிறந்து வந்திருக்கிறது. வில் செய்ய வேண்டிய வேலையை இங்கே கருணை செய்துவிடுகிறது.

இத்தகைய இடங்களுக்குச் சமணக் கருத்துகளில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். சைவரான உ.வே. சாமிநாதையரே கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்த பிறகுதான் 1887இல் நூலைப் பதிப்பித்தார். இந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கும் அந்தத் தெளிவு தேவைப்படும்.

மண்மகள் இலம்பகத்தில் போர் வெடிக்கிறது, கட்டியங்காரன் வீழ்கிறான். துறவி பாடிய போர்தானே என்று இந்தப் பாடல்களை வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. திருத்தக்கதேவர் போரைக் குறைத்துப் பாடவில்லை. தமிழின் புறமரபுக்கு உரிய முழு மிடுக்கோடு பாடுகிறார். வெற்றியின் இனிப்பை நன்றாக ருசித்த வாசகருக்கே கடைசி இலம்பகம் உறைக்கும்.

அது முத்தி இலம்பகம். அரசனான சீவகன் தேவியரோடு சோலையில் இருக்கிறான். ஆண்குரங்கு ஒன்று தன் மந்திக்குப் பலாப்பழம் கொடுக்கிறது. காவலன் வந்து குரங்குகளை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். மிகச் சின்னக் காட்சி. அதைப் பார்த்த சீவகனுக்கு, பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனாகவும் பறித்த காவலன் தானாகவும் தோன்றுகிறது. தந்தையைக் கொன்றவன், நாட்டைத் திருடியவன் என்று இவ்வளவு பாடல்களாக வளர்ந்த பகைவன், ஒரே ஒப்பீட்டில் பரிதாபத்துக்குரிய குரங்காகிவிடுகிறான். உரியதை மீட்டவன் வெறும் பறித்தவனாகிறான். ஆட்சி தரும் போக இன்பத்துக்குக் கிடைத்த உவமை, இன்னொரு கைக்குப் போகக் காத்திருக்கும் பழம். திருத்தக்கதேவர் இங்கே நீண்ட உபதேசத்தை நம்பியிருந்தால் இந்த அடி இவ்வளவு ஆழமாக விழுந்திருக்காது.

சீவகன் துறவு பூணுகிறான். தேவியருள் ஒருத்தியான காந்தருவதத்தை பெற்ற மகனுக்கு முடிசூட்டிவிட்டு, தீர்த்தங்கரரான வர்த்தமானரின் திருமுன் செல்கிறான். அரியணையில் அமரும் அந்த மகனின் பெயரும் சச்சந்தன்.