குழந்தை ஏறிய குதிரைக்குப் பக்கத்தில்

குதிரையேற்றத்தில் ஒருவருக்கு இருக்கும் தேர்ச்சியைப் பாய்ச்சலில் பார்க்கச் சொல்வார்கள். வேலி தாண்டுவதில் பார்க்கச் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்லும் இடம் வேறு. மட்டக்குதிரை ஒன்றில் ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பின்னாலிருந்து பெரிய குதிரையில் ஒருவர் வருகிறார். அவர் அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போகும் பத்துப் பன்னிரண்டு விநாடியில் அவருடைய கை, உட்காரும் வாகு, குதிரை அவர் சொல் கேட்கும் பக்குவம் எல்லாமே வெளிப்பட்டுவிடும். ஓடவிடத் துணிச்சல் போதும். ஓடத் துடிக்கிற குதிரையைக் கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்காமல் நடைக்குக் கொண்டுவந்து, அந்த நடையிலேயே பிள்ளையைத் தாண்டி, தாண்டிய பிறகும் இருபது முப்பது அடி அப்படியே நடத்திப் போவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். வேட்டைக் களத்தின் மரியாதைகளில் மிக அழகானது இதுதான் என்பது என் துணிபு.

செண்பகனூரிலிருந்து இதைச் சொல்வதில் பொருத்தம் உண்டு. 1916 வாக்கில் காட் ரோடு வரும்வரை கொடைக்கானலுக்குப் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து செண்பகனூர் வழியாக ஏறும் மலைப்பாதைதான் வழி. குடும்பம் குடும்பமாக டோலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறி வந்தார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். முன்னால் போகும் குதிரை மிரண்டால் பின்னால் வருவதும் மிரளும். இந்த மலைக்கு வேட்டையும் புதிதில்லை. புறநானூற்றின் 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடிய நெடுவேட்டுவன் கோடைமலைத் தலைவன். மான் கூட்டத்தை ஒழித்த சினமிக்க நாய்களை உடையவன். அந்த வேட்டுவனிடம் நின்றுகொண்டுதான் புலவர், மூவேந்தரே கொடுத்தாலும் அன்பில்லாமல் கொடுப்பது எங்களுக்கு வேண்டாம் என்கிறார். வலிமை உள்ளவன் எளியவரை எப்படி நடத்துகிறான் என்ற கேள்வி இந்த மலையில் அவ்வளவு பழையது.

நம் மாநிலத்தில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தின் பின்னே போகும் வேட்டை நிலைத்த இடம் உதகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கியது. இங்கிலாந்தில் விரட்டிய நரிக்குப் பதிலாக இங்கே குள்ளநரி. களம், 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் தாங்கிய வென்லாக் டவுன்ஸ். அங்கே தாண்டுவதற்கு வேலிகள் கிடையாது. அலை அலையாகப் புல்மேடு, மடிப்புகளில் சோலை, தாழ்வான இடங்களில் குதிரைக் காலை இழுக்கும் சதுப்பு. வேலி இருந்தால் வேகம் தானே குறையும். திறந்த புல்வெளியில் குறைக்க வேண்டியது சவாரி செய்பவரின் மனம் மட்டுமே. அதனால் இந்த மரியாதையைக் காப்பது நீலகிரியில் இன்னும் கடினம் என்று நினைக்கிறேன். நாய் வேட்டையின் பொது விதிகள் எங்கும் ஒன்றுதான்: வேட்டைத் தலைவரை முந்தாதே, உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டிக் கடைசியில் வா, முன்குதிரைக்கு ஒரு குதிரை நீளமாவது இடம் விடு, வழியில் பொந்து இருந்தால் பின்னால் வருபவருக்குக் குரல் கொடு, படலை மூட இறங்கியவர் மறுபடி ஏறும்வரை நில். குழந்தை பக்கத்தில் இருந்தால் இவை ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு.

ஏன் என்பதற்கு விடை குதிரையின் உடம்பில் இருக்கிறது. குதிரை கூட்டமாக வாழ்ந்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்பித்த பிராணி. ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும், காரணம் கேட்காது. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் வருவது தெரியாது, குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும். இனிப் பிள்ளையைப் பாருங்கள். கால் குட்டை, பாதம் சேணத்தின் ஓரத்தைத் தாண்டி இறங்காது. பெரியவர் தொடையால் சொல்வதை அது சொல்ல முடியாது. பின்னால் தடதடவென்று சத்தம் வந்ததும் மட்டக்குதிரை தலையைத் தூக்கிக் காதை விறைக்கிறது, நாலடி எட்டிப் போடுகிறது. பிள்ளை பயத்தில் முன்னால் குனிந்து குதிகாலால் வயிற்றை இறுக்குகிறது. குதிரைக்கு அது ‘போ’ என்ற கட்டளை. விழாமலிருக்க லகானைப் பிடித்துத் தொங்குகிறது. வாய்க்கம்பி உறுத்த, வலியிலிருந்து தப்பிக்கவும் ஓடத்தான் தெரியும் அதற்கு. இரண்டு பயமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொள்கின்றன. பிள்ளை செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. அதை முன்கூட்டியே தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள், பின்னால் பாய்ந்து வந்த பெரியவர். தவறிக் குதிரை பிய்த்துக்கொண்டு போனாலும் துரத்தக் கூடாது. துரத்தினால் அதற்கு அது பந்தயம். மற்றவர்கள் அப்படியே நின்றால், கூட்டத்தைத் தேடும் குதிரை பெரும்பாலும் தானே வேகம் தணிந்து திரும்பும்.

இதெல்லாம் வெள்ளைக்காரத் துரைகளின் ஆடம்பரம், நமக்கெதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் களத்தில் வேட்டைக்காரருக்கு வேட்டைக்காரர் காட்டிய மரியாதை குள்ளநரிக்குக் கிடைக்கவில்லை. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று அதைக் காக்கிறது; அது சரி. சிவப்புக் கோட்டும் போகட்டும், கொம்பு ஊதுவதும் போகட்டும். ஆனால் குழந்தையை நடையில் தாண்ட வேண்டும் என்ற விதி கோட்டிலிருந்து பிறக்கவில்லை, குதிரையின் காதிலிருந்து பிறந்தது. அந்தப் பிள்ளைகளின் குதிரையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்த கைகளும் பெரும்பாலும் நம் ஊர்க் குதிரைக்காரர்களுடையவை. அவர்கள் பெயரை எந்த வேட்டைப் பதிவும் பெருமையாகச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தக் கையின் வேலையைக் கொடைக்கானல் ஏரிச் சாலையில் இன்றும் பார்க்கலாம். மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரி. சுற்று ஐந்து கிலோமீட்டர் அளவு. நல்ல குதிரைக்காரர் குதிரையின் முகத்துக்கு முன்னால் நின்று இழுக்கமாட்டார். இடது தோளோடு ஒட்டி நடப்பார். அங்கிருந்தால் கயிறும் கைக்குள், பிள்ளையின் முழங்காலும் கைக்குள். கயிறு தொய்ந்து, அடியில் ஒரு வளைவு விழுந்திருக்கும். ‘முன்னாடி கெட்டியாப் பிடிச்சுக்கோ பாப்பா, கீழ பாக்காத, காதைப் பாரு’ என்பார். காதைப் பார்க்கச் சொல்வது வெறும் விளையாட்டுக்காக என்று நினைத்துவிடக் கூடாது. பார்வை நிமிர்ந்தால் முதுகு நிமிரும். முதுகு நிமிர்ந்தால் பாரம் நடுவில் விழும். கயிறு பிடித்தே ஓட்டினால் பிள்ளை எப்போது கற்றுக்கொள்ளும் என்று சிலர் கேட்கிறார்கள். இறுக்கிப் பிடித்த கயிறு என்றால் அவர்கள் சொல்வது உண்மை. தொய்ந்த கயிற்றில் நடத்துவது பிள்ளையே. கயிறு காத்திருக்க மட்டும் செய்கிறது. பயந்து கற்ற பிள்ளை குதிகாலை இறுக்கவே கற்றிருக்கும், அதை மறக்கடிக்க வருடங்கள் ஆகும்.

ஏரிக் குதிரை சாதுதான், அசதியில் தூங்கிவழியும், அதற்கு ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்ற பேச்சு எனக்கு மிகவும் உறுத்துகிறது. அசந்த குதிரை இடறும். தார்ச்சாலையில் தேய்ந்த லாடம் வழுக்கும். சேணத்துக்கு அடியில் புண் இருந்தால் எவ்வளவு சாதுவும் ஒரு நாள் துள்ளும். ஆகவே பிள்ளைக்குக் காட்டும் மரியாதை, குதிரைக்குத் தண்ணீரும் ஓய்வும் கொடுப்பதில் தொடங்கி, பெருத்த ஆளை மட்டக்குதிரையில் ஏற்ற மறுப்பதுவரை போகிறது. வாடகைச் சைக்கிளில் வருபவருக்கும், ஹாரனில் கை வைத்தபடி கார் ஓட்டுபவருக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. அவர்களும் பின்னாலிருந்து வருகிறவர்களே.

ஏரி வளைவில் கூட்டம் குறைந்த காலை நேரத்தில் நின்று பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. எதிரே ஒரு வாலிபர் குதிரையை ஓட்டி வருவார். பிள்ளையின் குதிரைக்காரர் கத்தமாட்டார், கையும் ஓங்கமாட்டார். இரண்டடி முன்வைத்து, கயிற்றை மறுகைக்கு மாற்றி, வரும் குதிரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுவந்துவிடுவார். மட்டக்குதிரையின் கழுத்தில் உள்ளங்கை பதியும். விறைத்த காது ஒன்று அவர் பக்கம் திரும்பும். அந்த வாலிபர் தேர்ந்தவரானால், அதற்குள் அவருடைய குதிரையும் நடைக்கு வந்திருக்கும்.