சல்லடையில் விழும் பிள்ளைகள்

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாவைக் காட்டி, பள்ளிகளில் கலைக்கல்வி மீண்டுவிட்டது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பறையும் ஒயிலாட்டமும் பள்ளி வளாகத்துக்குள் மரியாதையோடு வந்திருக்கின்றன. மேடையே ஏறியிராத பிள்ளைகள் மாநில அளவில் ஆடிப் பாடுகிறார்கள். ஆனால் போட்டி நடத்துவது வேறு, கற்பிப்பது வேறு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நடக்கும் இந்தத் திருவிழா ஒவ்வொரு படியிலும் பிள்ளைகளைக் கழித்துக்கொண்டே போகிறது. முதல் சல்லடையிலேயே விழுபவர்கள் யார்? சுருதி சேராதவர்கள், தாளம் பிடிபடாதவர்கள். இசை வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தருகிறோம். பாட்டில் தடுமாறும் பிள்ளையைக் கைதட்ட உட்கார வைக்கிறோம்.

சொல்லித் தர ஆள் வேண்டும். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகை உயர்ந்தபோதும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் நிற்பது ஓயவில்லை. இசை ஆசிரியரே இல்லாத பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை பரிசு வாங்கினால், அந்தக் கலை வீட்டிலிருந்தோ, கோயிலிலிருந்தோ, ஊர்க் குழுவிலிருந்தோ வந்தது. பள்ளி அதற்கு மேடை தந்தது, கல்வி தரவில்லை.

போட்டி இருந்தால்தான் ஆர்வம் பிறக்கும் என்பார்கள். அண்டையிலுள்ள கேரளம் 1957 முதல் பள்ளிக் கலோற்சவம் என்ற கலைப்போட்டியை நடத்திவருகிறது. அங்கே என்ன ஆயிற்று? தனியார் குருக்களுக்கும் உடை, ஒப்பனைக்கும் பெற்றோர் பணத்தைக் கொட்டினார்கள். தோற்றவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், நீதிமன்றம்வரை போனார்கள். சிறந்த மாணவிக்கும் மாணவருக்கும் தருவதற்கென்று 1986-இல் கொண்டுவந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்த அரசே கைவிட்டது. அவர்கள் பட்டுணர்ந்து கைவிட்டதை, கலையரசன், கலையரசி என்ற பெயரில் நாம் கையிலெடுத்திருக்கிறோம். ஆர்வம் பிறந்திருக்கலாம். அந்த ஆர்வத்தோடு வரும் பிள்ளையை உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க வாரத்தில் ஒரு மணி நேரம் இல்லையென்றால், அது வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம்தான் நிலைக்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வகுப்பைத் தர முடியும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்குள்ள பள்ளிகளில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம்வரை அழகியற்கல்வி கட்டாயம். தமிழ்ப் பிள்ளைகள் கர்நாடக சங்கீதமோ, நடனமோ, சித்திரமோ, நாடகமோ ஒன்றை எடுத்துப் படிக்கிறார்கள்; விரும்பினால் சாதாரண தரம் எனப்படும் பொதுப் பரீட்சையிலும் எழுதலாம். பரீட்சைக்கென்று வந்துவிட்டால் குறிப்பை மனப்பாடம் செய்யும் பழக்கமும் கூடவே வரும் என்பது உண்மை. ஆனாலும் குரல்வளம் இல்லாத பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஓர் ஆசிரியர் தொடக்கப் பாடமான சரளி வரிசையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார். இங்கே தமிழகத்தில் அட்டவணையில் இசை என்று எழுதியிருந்தாலும், தேர்வு நெருங்கியதும் அந்தப் பாடவேளை கணிதத்துக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. கலைத் திருவிழா நடக்கும் பருவத்திலும் இதில் மாற்றமில்லை.