இரண்டு ஸ்ரீரங்கம்

பாட்டி வீட்டுப் படங்களைத் தேடினேன், கிடைக்கவில்லை. அழிஞ்சுபோச்சுன்னே நினைத்தேன். கடைசியில் பார்த்தால் கைபேசியில் 'ஸ்ரீரங்கம்' என்று இரண்டு கோப்புறைகள்!

'ஸ்ரீ'யை ஸகரத்தாலும் எழுதலாம், 2005இல் யூனிகோட் 4.1 சேர்த்த ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்தான். ஆனால் கோப்பு முறைமை பார்ப்பது வடிவத்தை அல்ல, பைட்டுகளை.

இத்தனைக்கும் ஆண்ட்ராய்டின் பொதுச் சேமிப்பகம் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகவே கொள்கிறது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. இடமும் குறைவு: ஈஎக்ஸ்டி4, எஃப்2எஃப்எஸ் இரண்டிலும் ஒரு பெயருக்கு 255 பைட்தான் உச்சவரம்பு. ஆங்கிலத்தில் ஸ்ரீரங்கத்துக்கு 9 பைட் போதும். தமிழில் புள்ளியும் விலங்கும் தனித்தனிக் குறிகள். ஆக 10 குறிகள், குறிக்கு 3 வீதம் 30 பைட்.

ஆனாலும் பழியைக் கோப்பு முறைமைமேல் போடமாட்டேன். யூனிகோடே இவ்விரண்டையும் சமம் என்று சொல்லவில்லை. சேமிக்கிற இடம் ஊகிக்கக் கூடாது. ஊகித்தால் ஒரு கோப்பின்மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடலாம். ஊகிக்க வேண்டியது தேடல். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அதுவரை, திருச்சிக்காரங்களே, 'ரங்கம்' என்று மட்டும் தேடுங்க, ரெண்டும் வந்துடும். நான் இரண்டையும் சேர்த்து 'திருவரங்கம்' என்று பெயர் வைத்துவிட்டேன். 3 பைட் கூடுதல், குழப்பம் இல்லை.