கிரீஸா... ஆயிலா?

ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுவதென்றால் முழுசாகப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்பார்கள். நான் இப்போது எழுதப்போகிற புத்தகத்தில் ஒரே ஒரு வரியைத்தான் கோட்டைவிட்டேன். பலன்... மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே, முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்ட காருக்குப் பக்கத்தில், மனைவி, மகளோடு திருதிருவென்று நின்றேன்.

கார், அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1970-ல் தயாரானது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். அங்கே 1959-ல் வந்தது. 1961-ல் நம்ம சென்னையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். பானட்டைத் தூக்கினால் முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் பார்க்கலாம். ரிப்பேர் பார்ப்பதற்கென்றே ஒரு காரா என்று கேட்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

புத்தகம், அந்தக் காருக்கான ஆங்கில ஒர்க்‌ஷாப் மேனுவல். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டையும் முதல் சில பக்கங்களும் கரையானுக்குப் போய்விட்டன. யார் போட்ட புத்தகம் என்று சொல்ல வழியில்லை.

இந்த வகைப் புத்தகங்களில் பெரிய பெயர் ஜான் ஹேய்ன்ஸ். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். 1965-ல் ஏடனில் வேலை பார்த்தபோது, நண்பருடைய ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரைப் பிரித்து மாட்ட உதவப் போனார். கம்பெனி கொடுத்த மேனுவல் சாதாரண மனிதனுக்கு உதவாது என்று புரிந்தது. கழற்றக் கழற்றப் போட்டோ எடுத்தார், புத்தகம் போட்டார். மெக்கானிக்குக்கான புத்தகம் கார் சொந்தக்காரன் கைக்கு வந்தது அப்படித்தான்.

முதலில் பாராட்டு. நல்ல மேனுவலின் உரைநடையைப் பார்த்து எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் பாடம் படிக்கலாம். கழற்று. துடை. பார். தேய்ந்திருந்தால் மாற்று. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை; உரிச்சொல் கிடையாது, உபதேசம் கிடையாது. பி.காம். படித்த நான் இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாயின்ட் கேப் வைத்தேன், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன், பிரேக் ஷூ மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

இனி புகார். முதலாவது சின்னது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது நம்மவர்கள். ஆகவே என் காரின் பின்கதவுகள் இந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை இந்த உலகத்திலேயே இல்லை!

இரண்டாவதுதான் பெரிசு. ஹெரால்டின் முன்சக்கரத்துக்குக் கீழே ட்ரனியன் என்று ஒரு பித்தளைச் சமாசாரம் இருக்கிறது. அதன் மரைக்குள் ஓர் எஃகுத் தண்டு இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் திரும்பும். அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் கூடாது. புத்தகம் இதைச் சொல்கிறது. எங்கே? கதவுக் கீலுக்கு எண்ணெய் விடச் சொல்கிற அதே பட்டியலில், அதே குரலில், ஒரே வரியில். ஏன் கூடாது என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை.

கணக்குப் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதை. பேலன்ஸ் ஷீட் பளபளவென்று இருக்கும். கம்பெனியைக் கவிழ்க்கப்போகிற விஷயம் கடைசிப் பக்கக் குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கும்.

நான் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டேன். அங்கே வழக்கம்போல எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்தார்கள். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன்.

ஈ.சி.ஆரிலிருந்து உப்பளப் பாதையில் மெதுவாகத் திரும்பும்போதுதான் ‘டக்’. நல்லவேளை, வேகமில்லை. ஒருவருக்கும் அடியில்லை. பைபாஸில் எழுபதில் போகும்போது இது நடந்திருந்தால், இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

மரக்காணத்திலிருந்து வந்த வயசான மெக்கானிக் ஒடிந்த தண்டைக் கையில் வாங்கினார். முறிந்த இடம் பாதிக்கு மேல் துருவேறிக் கறுத்திருந்தது.

“யாரு சார் இதுல கிரீஸ் அடிச்சது? அது உள்ள கெட்டியாயி வழியை அடைச்சிக்கும். கீழ மரைக்குப் போவாது. காஞ்ச எடத்துல தண்ணி பூந்துடும். இந்த ஊரு காத்துல இரும்பு எத்தினி நாளைக்கு சார் தாங்கும்?”

ஐந்து வாக்கியம். என் புத்தகத்தில் இல்லாமல் போன பக்கம் இதுதான்.

அந்த ஊர்க் காற்றைப் பற்றியும் புத்தகத்துக்குத் தெரியாது. இங்கிலாந்தில் பனி உருகுவதற்காகக் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு தூவுவார்கள். அங்கே உப்புக்கு சீசன் உண்டு. மரக்காணத்தில் பாத்திகளில் வெள்ளைக் குவியல்கள், காற்றிலும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். மழையே பெய்யாமல் சேஸிஸ் நனைந்துகொண்டிருக்கும். நம் கடற்கரைக்கு என்று மேனுவல் எழுதினால், முதல் அத்தியாயம் இன்ஜின் அல்ல; நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவது.

அப்படியானால் இந்தப் புத்தகம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மெக்கானிக் கூலி கட்டுப்படியாகாத ஊரில், தானே ஸ்பேனரைப் பிடிக்கிறவனுக்காக எழுதப்பட்டது அது. நமக்குத் தெருமுனையிலேயே மெக்கானிக் இருக்கிறார் என்று நாம் புத்தகத்தைத் திறப்பதில்லை. திறக்கத்தான் வேண்டும். மெக்கானிக் வேலையை நாம் செய்வதற்காக அல்ல. அவர் கிரீஸ் கன்னைத் தூக்கும்போது, டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பதற்காக.

புதுப்பேட்டையில் தேடி வேறு தண்டு வாங்கி மாட்டியாகிவிட்டது. மேனுவலில் அந்த ஒற்றை வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். பக்கத்து வெள்ளையில் மெக்கானிக் சொன்ன ஐந்து வாக்கியத்தையும் அவர் பேசிய மாதிரியே எழுதிவைத்தேன்.

அடுத்து இந்தக் காரை ஓட்டப்போவது என் மகள். புத்தகத்தில் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறது.